தரங்கம்பாடியில் ஒரு புதிர் வேட்டை

2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி அமெரிக்க அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. அதுவரை பொதுமக்களின் ஜிபிஎஸ் கருவிகள் சுமார் 100 மீட்டர் வரை தப்பாகக் காட்டும்படி வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்தார்கள். அதை அன்றைக்கு நிறுத்தினார்கள். மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில சாமான்களைப் போட்டு ஒளித்து வைத்து, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் எழுதிவிட்டார். முடிந்தால் கண்டுபிடியுங்கள்! அதுதான் ஜியோகேச்சிங்.

இதில் புதிர் வகை என்று ஒன்று உண்டு. எண்களை முழுசாகத் தரமாட்டார்கள். ஊரைச் சுற்றி, கல்லிலும் சுவரிலும் உள்ள வருஷங்களைப் பொறுக்கி, கூட்டிக் கழித்து நாமே நிரப்ப வேண்டும். பழைய சின்ன ஊர்கள் இதற்கென்றே பிறந்தவை.

நான் தரங்கம்பாடிக்கு ஒன்று தயாரிக்க உட்கார்ந்தேன். வடக்கு 11 பாகை 1 நிமிடம், கிழக்கு 79 பாகை 51 நிமிடம் என்பதைக் கொடுத்துவிடலாம். புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்று மூன்று இலக்கங்கள்தான் புதிர். அதில் முதல் இலக்கம் ஒன்று பிசகினால் ஏறக்குறைய 180 மீட்டர் தள்ளிப் போவீர்கள். கிழக்கே பிசகினால் கடலுக்குள் :-)

சுலபமான கேள்விகள் தானாக வந்து விழுந்தன. டேன்ஸ்போர்க் கோட்டை தொடங்கியது 1620. சீயோன் தேவாலயம் 1701. சீகன்பால்கு வந்து இறங்கியது 1706. அவர் அடக்கமாகியிருக்கும் புதிய எருசலேம் தேவாலயம் 1718. ஊர் வாசல் 1792. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். (அவர் அச்சடித்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715. தமிழில் அச்சான முதல் புத்தகமே இதுதான் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். இல்லை ஐயா! 1578-லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது.)

ஆனால் இந்த எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் டேனிஷ்காரர்கள் வந்தார்கள், கட்டினார்கள், ஜம்மென்று இருந்தார்கள் என்றுதான் தோன்றும். பி.காம். படிக்கிறவனுக்கு இந்த இடத்தில் சந்தேகம் வர வேண்டும். வரவு செலவு எங்கே?

உண்மையில் அவர்கள் குறிவைத்து வந்தது இலங்கையை. கண்டி அரசரோடு பேச்சு சரிப்பட்டு வரவில்லை. அதற்குள் தஞ்சாவூரில் ரகுநாத நாயக்கரிடம் வழி பிறந்தது. தளபதி ஓவ் யெட்ட 1620 நவம்பரில் ஒப்பந்தம் போட்டார். நாயக்கர் டென்மார்க் அரசருக்கு அனுப்பிய தங்க ஓலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நோக்கம் மிளகு. லாபம்தான் வரவில்லை. கப்பல்கள் மூழ்கின, கடன் ஏறியது, 1650-இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள்.

தலைமை அலுவலகம் இழுத்து மூடியாயிற்று. கிளை என்ன ஆனது? கிளை பாட்டுக்கு நடந்தது! 1640-களுக்குப் பிறகு 1669 வரை டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. டேனிஷ் ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்து, 1655 முதல் எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்க என்பவர் கோட்டையைக் கட்டிக் காத்தார், உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு. செலவுக்குப் பணம்? வங்காளக் கப்பல்களைக் கடலில் மறித்துப் பிடித்ததும் அந்தக் கணக்கில் அடக்கம். பச்சையாகச் சொன்னால் கொள்ளை.

எனக்கு இந்த ஊரின் கதையிலேயே பிடித்த வருஷம் 1669. கோட்டை இன்னும் நம்முடையதாகத்தான் இருக்கிறதா என்று அவர்களே ஆச்சரியத்தோடு வந்து பார்த்த வருஷம். ஒரு இலக்கத்தை அதற்காக ஒதுக்கிவிட்டேன். கணக்கு முடிந்த வருஷம் 1845. தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். அதற்கும் ஒரு இலக்கம்.

மிச்சம் இருந்தது தொடக்கம். புதிர் 1620-இல் தொடங்கினால் ஊரே அன்றைக்குத்தான் பிறந்த மாதிரி ஆகிவிடுமே! கரையிலேயே மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம், 1306 என்று சொல்வார்கள். கோட்டைக்கு முந்நூறு வருஷம் மூத்தது. ஆனால் தேடி வருகிறவர் அங்கே 1306 என்ற எண்ணைத் தேடினால் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். நம் கல்வெட்டுகள் பொதுவாக அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டு என்றுதான் சொல்லும். அவன் பட்டத்துக்கு வந்த 1268-ஐத் தெரிந்துகொண்டு கணக்குப் போட வேண்டும். இதுதான் புதிரின் கடினமான கேள்வி.

பாண்டியர் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. அலைகள் பாடும் ஊர் என்று சுற்றுலாப் பலகைகளில் போடுவது அழகுதான். ஆனால் ஆயர்பாடி, வியாசர்பாடி மாதிரி இதுவும் வெறும் குடியிருப்பு என்ற 'பாடி'தான் என்பது என் கட்சி.

அலை பாடுகிறதோ இல்லையோ, தின்கிறது. பழைய கோயிலின் முன்பகுதி கடலுக்குள் போய்விட்டது. 2004 சுனாமி இந்த ஊரை எப்படி அடித்தது என்று சொல்லத் தேவையில்லை. 1792 வாசல் பத்திரமாக நிற்கிறது, ஏனென்றால் அது மேற்கே, கரையிலிருந்து தள்ளி. ஆக எளிதாகக் கிடைக்கும் எண் தங்கியிருக்கிறது, மூத்த எண்ணைத்தான் கடல் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருக்கிறது.

பெட்டியை எங்கே வைப்பது என்றுதான் யோசனை. கோயிலிலோ கோட்டையிலோ வைக்கக் கூடாது. மணலில் புதைத்தால் அடுத்த புயலோடு போய்விடும். ஊர் வாசலைத் தாண்டி மேற்கே யாராவது ஒரு கடைக்காரர் ஒப்புக்கொண்டால் அவர் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டிபன் டப்பா, உள்ளே ஒரு நோட்டு, ஒரு பேனா. கண்டுபிடிக்கிறவர்கள் தேதியோடு பெயர் எழுதுங்கள், சரியா?