நீரிழிவும் கால் எரிவும்

நீரிழிவைச் சலரோகம் என்று வழங்குவது ஈழத்துத் தமிழர் மரபு. சிறுநீரில் இனிப்பு இறங்குவதையும் அதனை எறும்பு நாடி வருவதையும் பண்டை வைத்தியர் கண்டனர். சரக சங்கிதை இன்னொன்றையும் குறித்து வைத்தது. நோய் வெளிப்படையாகத் தோன்றுமுன்பே கைகால்களில் மரப்பும் எரிவும் காணும் என்பதே அது.

ஐரோப்பிய மருத்துவரோ நெடுங்காலம் இதனைத் தலைகீழாகக் கொண்டனர். நரம்பு கெடுவதனாலேயே நீரிழிவு பிறக்கிறது என்று பலர் எண்ணினர். நீரிழிவே முதல், நரம்புக் கேடு அதன் விளைவு என 1864இல் எடுத்துரைத்தவர் மார்ஷல் த கால்வி என்னும் பிரெஞ்சு மருத்துவர். இன்று தேசிய வைத்தியசாலையாக விளங்கும் கொழும்புப் பொது வைத்தியசாலை தோன்றியதும் அதே ஆண்டில்தான்.

காரணம் தெரிந்தும் மருந்து கிட்டவில்லை. மாவுணவை வெட்டி நோயாளியை அரைப்பட்டினி போடுவதே சிகிச்சையாயிருந்தது. 1922 சனவரியில் ரொறன்ரோவில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அதன்பின் நோயாளர் நெடுநாள் வாழ்ந்தனர்; வாழவே, கால் எரிவாற் பீடிக்கப்பட்டோரும் பெருகினர். சர்க்கரையை அடக்கினால் நரம்பு தப்புமா? இவ்வையம் தெளிந்தது 1993இல். இன்சுலின் இன்றி வாழவியலாத வகையினர் 1,441 பேரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆண்டுக்கணக்கிற் கவனித்தபோது, இறுக்கமான கட்டுப்பாடு நரம்புக் கேட்டினை ஏறத்தாழ 60 வீதம் குறைத்தது. நடுவயதில் வரும் வகையிற் பயன் இத்துணைப் பெரிதன்று; எரிவைத் தணிக்கத் தனி மருந்தும் வேண்டியிருக்கலாம்.

வடக்கு, கிழக்கு நீங்கலாக இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வு, வயதுவந்தோருட் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டெனக் காட்டியது. நகரங்களில் அது 16 வீதத்தையும் கடந்திருந்தது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டுச் சமையலை நோக்கின் வியப்பொன்றுமில்லை. காலையில் இடியப்பம் அல்லது பாண், மதியம் சோறு, இரவு பிட்டு, முப்பொழுதும் மாவே. வெறுந்தேநீருக்குக் கடிக்கும் பனங்கட்டி தீங்கற்றது என்பது வீண் நம்பிக்கை, அதுவும் சர்க்கரையே. குரக்கன் பிட்டு நன்று, ஆனால் அளவின்றி உண்டால் அதுவும் இரத்தத்திற் சர்க்கரையை ஏற்றும். சோற்றைக் குறைத்து, அவ்விடத்தைக் கீரையாலும் பருப்பாலும் மீனாலும் நிரப்புவதே ஏற்ற வழி. இதிலும் அவசரம் ஆகாது. மிக உயர்ந்திருந்த சர்க்கரையை மருந்தால் விரைந்து இறக்கியபோது நரம்பு வலி புதிதாக மூண்டதை 1933இலேயே மருத்துவர் பதிவு செய்தனர்.

எரிவு தானே நின்றுவிட்டால் சுகம் என்று மகிழ்வோர் உளர். உண்மையில் நரம்பு மடிந்து கால் மரத்திருக்கக்கூடும். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கிச் செல்லும் ஆடிவேலின் பின்னே வெறுங்காலுடன் நடக்கும் அத்தகையவருக்குத் தாரின் சூடு தெரியாது. வீடு திரும்பிக் கால் கழுவும்போதுதான் கொப்புளம் கண்ணிற் படும்.