கல்லச்சுக் கலைஞன் – 4: மிச்சம் ஐந்து நாள்!

போன வாரம் அச்சகத்தில் தொலைபேசி அடித்ததோடு நிறுத்தியிருந்தோம். 1894 டிசம்பர் 26. பாரிஸில் லெமர்சியே அச்சகம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஓவியர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். நண்பர் ஒருவருக்குப் பதிலாகப் புரூஃப் திருத்த வந்த அல்ஃபோன்ஸ் முகா மட்டும் அங்கே இருந்தார்.

அழைத்தவர் சாரா பெர்ன்ஹார்ட். பிரெஞ்சு நாடக மேடையே அவர் சொன்னபடி ஆடிய காலம் அது. 'ஜிஸ்மோண்டா' நாடகத்துக்குப் புதுப் போஸ்டர் வேண்டும், அதுவும் ஜனவரி 1 அன்று பாரிஸ் சுவர்களில் ஒட்டியிருக்க வேண்டும் என்றார். அச்சக மேலாளர் ப்ரூனாஃபுக்குக் கை கால் ஓடவில்லை. சுற்றிப் பார்த்தார். இருந்தது ஒரே ஆள். வயது 34. பேர் சொல்லும்படி ஒரு போஸ்டர்கூட அதுவரை போட்டிராதவர்.

முகா ஒப்புக்கொண்டார்.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. மொராவியாவிலிருந்து வந்த இந்தப் பையனை பிராகா ஓவியக் கழகம் சேர்த்துக்கொள்ளவில்லை. 19 வயதில் வியன்னாவுக்குப் போய் நாடகத் திரைச்சீலை வரைந்தார். தூரத்தில் கடைசி வரிசையில் இருப்பவர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி வரைவது எப்படி என்று அங்கேதான் கற்றார். 1881 டிசம்பரில் ரிங் தியேட்டர் எரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். திரைச்சீலை எழுதிய நிறுவனத்துக்குப் பெரிய வாடிக்கையே அந்த அரங்குதான். முகாவின் வேலையும் அந்தத் தீயோடு போயிற்று. பிறகு ஒரு பிரபு படிக்கவைத்தார். 1889-ல் அந்தப் பணமும் நின்றது. அப்புறம் பாரிஸில் வேகவைத்த பயறைத் தின்றுகொண்டு பத்திரிகைக்கும் புத்தகத்துக்கும் படம், படம், படம். கேட்ட தேதியில் கேட்ட அளவில் கொடுத்தால்தான் மறுநாள் சாப்பாடு. ஐந்து நாளில் முடி என்றால் கலங்காத கை, அப்படி உழைத்த கைதான்.

அன்றிரவு வாடகைக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு ரெனேசான்ஸ் தியேட்டருக்குப் போய் சாராவைப் பார்த்துப் பார்த்து வரைந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

வரைந்தது என்ன? ஜூல் ஷெரேயின் போஸ்டர்களில் சிவப்பும் மஞ்சளும் துள்ளும், பெண்கள் குதித்துச் சிரிப்பார்கள். பாரிஸ் பழகியிருந்தது அதற்கு. முகாவின் சாரா அசையாமல் நிற்கிறார். கையில் குருத்தோலை, தலையில் பூ, மேலே வளைவில் மொசைக் கற்களாய் அவர் பெயர். தங்கமும் ஊதாவும் மங்கிக் கலந்த நிறம். உயரம் இரண்டு மீட்டருக்கு மேல், அகலம் முக்கால் மீட்டர்தான். கோயில் மாடத்தில் நிற்கிற தெய்வம் போல.

கல்லச்சில் நிறத்துக்கு ஒரு கல். எண்ணெய்ப்பசைக் கோலால் கல்லில் வரைந்து, தண்ணீர் தடவி, மை உருட்டினால் கோடு மையைப் பிடிக்கும், ஈரக் கல் தள்ளிவிடும். அடுத்த கல் ஒரு மயிரிழை விலகினாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் உட்காரும். இவ்வளவு உயரம் ஒரே தாளில் அடங்காமல் இரண்டு தாளாக அச்சடித்து ஒட்ட வேண்டியிருந்தது. நேரம் போதவில்லை. போஸ்டரின் கீழ்ப்பாதியை உற்றுப் பாருங்கள்: மேலே அத்தனை நுணுக்கம், கீழே பின்னணி வெறுமையாகவே இருக்கிறது. அந்த அவசரத்தின் தடம் அது. எனக்கு அந்த வெற்றிடம்தான் படத்தின் மூச்சு என்று படுகிறது.

ப்ரூனாஃப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. இதைப் போய் அந்த அம்மாளிடம் எப்படிக் காட்டுவது? வேறு போட நாளும் இல்லை. வேறு வழியின்றி தியேட்டருக்குக் கொடுத்தனுப்பினார். பிழைப்பு போயிற்று என்றே முகா நினைத்தார்.

கொஞ்ச நேரத்தில் தகவல் வந்தது. சாரா உடனே வரச் சொல்கிறார்.

முகா ஓடினார். சாராவின் அறைக் கதவைத் திறந்தார். சுவரில் அவருடைய போஸ்டர் மாட்டியிருந்தது. அதன் எதிரே, கண்ணெடுக்காமல், சாரா...

(தொடரும்)