திண்டுக்கல் சீமையின் எல்லைக் காவல்

பழநிக்குக் கிழக்கே, பழநி மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் அமைந்த ஆயக்குடியைக் கொய்யாப்பழத்தின் பேரால் அறிந்தவர்களே இன்று மிகுதி. ஆயினும் நாயக்கர் காலத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி வேரூன்றும் வரை அவ்வூர் ஒரு பாளையக்காரரின் இருப்பிடமாகவும், மதுரை நாட்டின் வடமேற்கு வாசலைக் காத்த படை அமைப்பின் ஒரு கண்ணியாகவும் இருந்தது. மைசூரிலிருந்து மலைக் கணவாய்களில் இறங்கிக் கொங்குச் சமவெளியைக் கடந்து வரும் படை மதுரையை அடைய வேண்டுமானால், பழநி மலைக்கும் சிறுமலைக்கும் இடைப்பட்ட திறப்பின் வழியே செல்வதே எளிது. அந்தத் திறப்பின் தலைமாட்டில் திண்டுக்கல் பாறைக்கோட்டை நின்றது. அதற்கு மேற்கே அடிவாரத்தை ஒட்டிக் கன்னிவாடி, விருப்பாட்சி, ஆயக்குடி, பழநி எனப் பாளையங்கள் வரிசையாக அமைந்திருந்தன.

பாளையம் என்ற சொல்லுக்குப் படை தங்கும் இடம் என்பதே முதற்பொருள். 1529 முதல் மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கரும், தளவாயாக, அதாவது படைத்தலைமையையும் ஆட்சிப் பொறுப்பையும் ஒருங்கே ஏற்றவராக, விளங்கிய அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்து, மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களில் ஒவ்வொன்றின் காவலையும் ஒவ்வொரு பாளையக்காரரிடம் ஒப்படைத்தனர் என்பது மரபு. இந்த எண்ணிக்கையை அப்படியே நம்புவதற்கில்லை. கிடைக்கும் பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை என்பதால், கொத்தளக் கணக்கே பாளையக் கணக்காகவும் நின்றுவிட்டது எனக் கொள்வது பொருந்தும். எண் எவ்வாறாயினும் ஏற்பாடு தெளிவானது. வருவாயில் ஒரு பங்கு மதுரைக்குக் கப்பமாகவும், ஒரு பங்கு படைச் செலவுக்கும், எஞ்சிய பங்கு பாளையக்காரரின் குடும்பத்துக்கும் உரியவை எனப்பட்டன. வீரனுக்கும் பெரும்பாலும் காசாகச் சம்பளம் இல்லை. வரி நீக்கியோ குறைத்தோ விடப்பட்ட மானிய நிலமே அவனுடைய ஊதியம். அவன் அதை உழுதுகொண்டு, அழைப்பு வந்தபோது ஈட்டியோ திரித்துப்பாக்கியோ எடுத்துக்கொண்டு தன் படைத்தலைவரான சேர்வைக்காரரின் பின்னே போனான். ஏறக்குறைய இதே காலத்தில் ஆஸ்திரியப் பேரரசும் துருக்கியரை நோக்கிய தன் எல்லையில் குடியானவர்களுக்கு நிலம் கொடுத்து, அவர்களையே காவற்படையாக்கி வைத்திருந்தது.

திண்டுக்கல் சீமையின் பாளையங்கள் தனித்தனியே மதுரையோடு மட்டும் உறவு கொண்டவையல்ல. 1868-இல் மதுரை நாட்டு வரலாற்றை வெளியிட்ட நெல்சன், அச்சீமையின் 18 பாளையக்காரர்களுக்கும் கன்னிவாடி நாயக்கர் தலைவராக இருந்ததைக் குறிப்பிடுகிறார். இன்றைய வழக்கில் சொன்னால், கன்னிவாடி ஒரு வட்டாரப் படைத்தலைமையகம். 1625-இல் சாமராச உடையாரின் மைசூர்ப் படை திண்டுக்கல் வரை வந்தபோது, திருமலை நாயக்கரின் தளவாய் இராமப்பையனும் கன்னிவாடி ரங்கண்ண நாயக்கரும் சேர்ந்தே அதை விரட்டினர். அப்போது கொங்கு நாட்டின் பெரும்பகுதி மதுரையிடமே இருந்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் மைசூர் அதைச் சிறிது சிறிதாக விழுங்கியதும், உள்நாட்டுப் பாளையங்களாக இருந்த பழநியும் ஆயக்குடியும் தாம் இருந்த இடத்தில் இருந்துகொண்டே எல்லைப் பாளையங்களாயின.

போர் இல்லாத ஆண்டுகளில் இப்படைக்குரிய வேலை காவல். ஒரே ஊரைக் காப்பது தலக்காவல். பல ஊர்களையும் அவற்றை இணைக்கும் வழிகளையும் காப்பது திசைகாவல். மாடு களவுபோனால் காவற்காரர் குளம்புத் தடம் பார்த்துப் போவார். தடம் அடுத்த காவலின் எல்லைக்குள் நுழைந்துவிட்டது என்று காட்டினால் பொறுப்பு அங்குள்ளவரைச் சேரும், காட்ட முடியாவிட்டால் மாட்டின் விலையை அவரே கொடுக்க வேண்டும். இதற்காகக் குடிகள் அறுவடையில் ஒரு பங்கு கொடுத்தனர். மத்திய அரசு தளர்ந்த காலங்களில் காவற்கூலி கட்டாய வசூலாக மாறியதும், கூலி கொடுக்காத ஊரில் களவு பெருகியதும் இந்த ஏற்பாட்டின் மறுபக்கம். பாளையக்காரரை வெறும் கொள்ளைக்காரராகவே எழுதிய கம்பெனி அதிகாரிகள் இந்த மறுபக்கத்தை மட்டுமே கண்டனர்.

நாயக்கர் ஆட்சி 1736-இல் ஆர்க்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிபின் கையில் முடிந்தது. சில ஆண்டுகளில் திண்டுக்கல் மைசூர் வசமாயிற்று. 1755-இல் அங்குப் பௌஜ்தாராக, அதாவது படையும் வரி வசூலும் சேர்ந்த பொறுப்பில், வந்த ஐதர் அலி பழைய அமைப்பைத் தலைகீழாக்கினார். பிரெஞ்சுக்காரரின் துணையோடு கோட்டையில் பீரங்கிப் பட்டறை அமைத்தார். பாளையக்காரர்களின் ஆட்களை நம்பாமல் கூலிப்படையைக் கொண்டு அவர்களையே அடக்கினார். அவர்களோடு நடந்த சண்டைக்குப் பிறகு, காயம்பட்டவர்களுக்கான படியைக் கணக்கிட வந்த மைசூர் அதிகாரியிடம், மஞ்சள் தோய்த்த கட்டுகளுடன் 700 பேரைக் காட்டினார் என்றும், உண்மையில் காயம்பட்டவர் 67 பேர்தான் என்றும் வரலாற்றாசிரியர் மார்க் வில்க்ஸ் எழுதுகிறார். காயம்பட்டவருக்கென மாதம் 14 ரூபாய் பெற்று அவர்களுக்கு 7 ரூபாய் கொடுத்தார் என்பதும் அவர் தரும் செய்தி. நிலம் வாங்கிக்கொண்டு போருக்கு வந்த படையில் இத்தகைய மோசடிக்கு இடமே இல்லை. அது காசுச் சம்பளத்தோடு வந்த கலை.

ஐதர் அலிக்கும் பாளையக்காரர்களுக்கும் இடையிலான பகைமை நிலையானதாகவும் இல்லை. 1772-இல் காளையார்கோயிலில் கணவரை இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார் அடைக்கலம் புகுந்தது விருப்பாட்சிக் கோபால நாயக்கரிடம். 1780-இல் அந்த அரசி நாடு மீண்டது ஐதர் அலியின் படையுதவியோடு.

கம்பெனிப் படை 1767-இலும் 1783-இலும் திண்டுக்கல் கோட்டையைப் பிடித்து இழந்து, 1790-இல் மூன்றாம் முறையாகக் கைப்பற்றியது. 1792-இன் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை அதை உறுதியாக்கியது. ஐதர் அலியின் மகன் திப்பு 1799-இல் வீழ்ந்தபின் காக்க வேண்டிய எல்லையே மறைந்தது. அதற்குப்பின் பாளையக்காரரின் ஆயுதம் ஆட்சியாளருக்குத் தொல்லையாக மட்டுமே தெரிந்தது. கோபால நாயக்கர் தலைமையில் பாளையங்கள் ஒன்றுசேர்ந்ததும், 1800 ஜூனில் கோயம்புத்தூரைத் தாக்க முயன்று தோற்றதும், 1801-இல் அவர் தூக்கிலிடப்பட்டதும் அந்த எண்ணத்தை முடிவாக்கின. அவ்வாண்டு டிசம்பரில் வந்த அறிவிப்பு, கோட்டைகளை இடித்து ஆயுதங்களை ஒப்படைக்கும்படி தென்னாட்டுப் பாளையக்காரர்களுக்கு ஆணையிட்டது. விருப்பாட்சி பறிமுதலாயிற்று. ஆயக்குடி தப்பியது, பாளையம் ஜமீனாகி, கப்பம் பேஷ்குஷ் என்ற பெயரில் தொகையாகக் கட்டப்பட்டது. தடம் பார்த்த காவற்காரரின் வேலை கம்பெனியின் போலீசுக்குப் போனது. அவருடைய மானிய நிலங்கள் எவை, வரி போடத்தக்கவை எவை என்று கணக்கெடுப்பதில் கலெக்டர் கச்சேரி அடுத்த பல ஆண்டுகளைச் செலவிட்டது.