பவர் ஸ்டீயரிங்: ஒழுகும் ஆயிலோடு ஒரு நெடுங்காலச் சண்டை

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். காலையில் வண்டியை நகர்த்தினால் தரையில் சிவப்பாக ஆயில் கறை. இரண்டு நாள் கழித்து, திருப்பங்களில் பம்பு முனக ஆரம்பிக்கும். அப்புறம் ஒருநாள் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும். மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "பவர் ஸ்டீயரிங் ஆயில் லீக் சார்" என்பார். அந்த ஒரு வண்டிக்கு வந்த கோளாறு என்றுதான் தோன்றும். ஆனால் பவர் ஸ்டீயரிங்கின் வரலாறே இந்த ஒழுக்கோடு நடந்த சண்டைதான்!

லாரியில் தொடங்கிய கதை

பிரான்சிஸ் டேவிஸ் (1887-1978) அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ என்ற நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்தவர். அந்தக் கால லாரியைத் திருப்ப உடம்பில் பலம் வேண்டும். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் கையை உதறிவிட்டுச் சுழலும். இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தே தீர்வது என்று வேலையை விட்டு வெளியே வந்தார் டேவிஸ். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வால்தம் என்ற ஊரில் ஒரு சின்னப் பட்டறையில் சோதனைகளைத் தொடங்கினார்.

ஆயிலை அழுத்தி அந்த விசையால் சக்கரத்தைத் திருப்பலாம் என்பது அப்போதே தெரிந்த விஷயம்தான். பெரிய ஹைட்ராலிக் அழுத்த இயந்திரங்கள் அப்படித்தான் வேலை செய்தன. சிக்கல் எங்கே? அவற்றில் வால்வு மூடியே இருக்கும், ஆயில் எப்போதும் உயர் அழுத்தத்தில் காத்துக்கொண்டிருக்கும். எப்போதும் அழுத்தம் இருந்தால் எங்காவது ஒழுகத்தானே செய்யும்?

டேவிஸ் இதைத் தலைகீழாக யோசித்தார். வால்வைத் திறந்தே வைத்தால் என்ன? பம்பு ஓடிக்கொண்டே இருக்கட்டும், ஆயிலும் எந்தத் தடையும் இல்லாமல் சுற்றி வரட்டும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் வால்வு ஆயிலின் வழியைக் குறுக்கும். அந்த நேரத்துக்கு மட்டும் அழுத்தம் ஏறும். கையை விட்டதும் இறங்கிவிடும். சீல்களுக்குப் பெரும்பாலான நேரம் ஓய்வு!

1926ல் இந்த ஏற்பாட்டைப் பொருத்திய காரை டெட்ராய்ட்டுக்கே ஓட்டிச் சென்று காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்பந்தம் போட்டது. ஆனால் பெருமந்தக் காலம் வந்தது. செலவுக் கணக்கு கட்டுப்படியாகாமல் 1934ல் திட்டம் கைவிடப்பட்டது. பிறகு 1936ல் பெண்டிக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக அமெரிக்காவில் கட்டப்பட்ட கவச வண்டிகளில்தான் அவருடைய கண்டுபிடிப்பு பெரிய அளவில் ஓடியது.

சாதாரண மக்கள் வாங்கும் காருக்கு அது வந்தது 1951ல், கிரைஸ்லர் இம்பீரியலில். வேடிக்கை என்னவென்றால், கிரைஸ்லர் பயன்படுத்தியது டேவிஸின் காலாவதியான காப்புரிமைகளை! அதைப் பார்த்துத்தான் ஜெனரல் மோட்டார்ஸ் விழித்துக்கொண்டது. 1952ல் கேடிலாக்கில் டேவிஸின் ஸ்டீயரிங் வந்தது. முதல் காரை ஓட்டிக் காட்டி அதற்குள் 26 வருடம் ஓடிவிட்டது.

பிரான்ஸ் போன எதிர்வழி

1955ல் பாரிஸ் கண்காட்சியில் சிட்ரோயன் டிஎஸ் கார் அறிமுகமானது. இதில் ஸ்டீயரிங், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாவற்றுக்கும் ஒரே ஹைட்ராலிக் அமைப்பு. டேவிஸ் எதைத் தவிர்த்தாரோ அதையே சிட்ரோயன் செய்தது. ஆயில் எப்போதும் சுமார் 150 பார் அழுத்தத்தில் சேமித்து வைக்கப்பட்டது. கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம்தான். ஒப்பிட்டுப் பாருங்கள்!

ஒழுகாதா? ஒழுகும். அதைத் தெரிந்தேதான் வடிவமைத்தார்கள். பாகங்களை மிக மிக நுணுக்கமாகக் கடைந்து கசிவைக் குறைத்தார்கள். அதையும் மீறிக் கசிவதைச் சின்னக் குழாய்கள் வழியாகத் திரும்பத் தொட்டிக்கே கொண்டுவந்தார்கள்.

ஆனால் வில்லங்கம் ஆயிலிலேயே இருந்தது. ஆரம்ப வருடங்களில் ஊற்றிய திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே துருப்பிடிக்கும். துரு சீலைத் தின்னும். கடைசியில் 1960களின் பிற்பாதியில் எல்எச்எம் என்ற பச்சை நிறத் தாது எண்ணெய்க்கு மாறினார்கள். இதற்கான பாகங்களுக்கும் பச்சை வண்ணமே பூசினார்கள். காரணம், ஒன்றுக்கு உரிய ரப்பரை மற்றொன்று கெடுத்துவிடும். இன்றைக்கும் ஒரு டிஎஸ் காரைப் பழுதுபார்ப்பவர் முதலில் பார்ப்பது அந்த நிறத்தைத்தான்.

பழைய காருக்கு இந்த வரலாறு சொல்லும் பாடம்

சென்ற நூற்றாண்டின் இறுதியில் வந்த சாதாரணக் கார்களில் பெரும்பாலானவை டேவிஸ் வழியில் வந்தவை. அதனால்தான் எஞ்சின் சும்மா ஓடும்போது ஒழுக்கு கண்ணில் படாமல் போகலாம். முதலில் எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்ப, இன்னொருவர் விசிறி, பெல்ட் பக்கம் கை போகாமல் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். திருப்பும்போதுதானே அழுத்தம் ஏறுகிறது! ஆனால் கடைசிவரை திருப்பிப் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. அழுத்தம் உச்சத்தில் நின்று பம்பைக் கெடுக்கும்.

ஒழுகும் இடங்கள் சிலதான். ஸ்டீயரிங் ரேக்கிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் ஹோஸ் முதல் சந்தேகம். ரப்பர் இறுகிப்போயிருக்கும் அல்லது கிளாம்ப் தளர்ந்திருக்கும். இது குறைந்த செலவில் முடியும். உயர் அழுத்த ஹோஸ் என்றால் முழுதாக மாற்றத்தான் வேண்டும். ஒட்டுப்போட்டால் நிற்காது. சூடான சைலென்சர் குழாயில் ஆயில் சிந்தினால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. அடுத்தது பம்பின் அச்சில் உள்ள சீல். கடைசியாக ஸ்டீயரிங் ரேக்கின் இரு முனைச் சீல்கள். அங்கே கசியும் ஆயில் ரப்பர் உறைக்குள் தேங்கி நிற்பதால் வெளியே தெரியாது. உறையைத் தளர்த்திப் பார்த்தால்தான் தெரியும்.

கடையில் விற்கும் "லீக் நிறுத்தி" திரவங்கள் ரப்பரைக் கொஞ்சம் உப்பவைத்துக் கசிவைக் குறைக்கும். அது தற்காலிகம். கிழிந்த சீலை அது தைக்காது. கையேட்டில் சொன்ன ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும் என்பதற்கு டிஎஸ் காரின் கதையே போதும்.

ஆயிலே வேண்டாம்!

டேவிஸின் வழிக்கும் ஒரு விலை இருந்தது. வண்டி நேராகப் போனாலும் பம்பு ஓடிக்கொண்டே எஞ்சினின் சக்தியைத் தின்னும். 1988ல் ஜப்பானில் சுசுகி செர்வோ காரில் மின்மோட்டாரால் இயங்கும் பவர் ஸ்டீயரிங் வந்தது. தேவைப்படும்போது மட்டும் மின்சாரம் எடுக்கும். ஹோஸ் இல்லை, பம்பு இல்லை, ஆயிலும் இல்லை. இன்று வரும் புதிய கார்களில் பெரும்பாலும் இதுதான். ஒழுக்கை அடைக்க அத்தனை பேர் அத்தனை வழி தேடினார்கள். கடைசியில் ஒழுகுவதற்கு ஒன்றுமே இல்லாமல் செய்ததுதான் முடிவான வழியாக அமைந்தது.

ஆனாலும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் உள்ள பழைய வண்டிகள் இன்னும் நிறைய ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் சாலையின் மேடு பள்ளம் கையில் தெரியும் என்று விரும்பி வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்கள் வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து தொட்டியில் ஆயில் மட்டம் பார்த்தால் போதும். மட்டம் இறங்கியிருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடாமல், எங்கே போகிறது என்று தேடுவது நல்லது. ஆயில் வற்றிய பம்பு அதிக நாள் தாங்காது.