கண்ணாடிப் பேழைக்குள் வனராஜா

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை அடுக்ககங்களின் வரவேற்பறைகளில் மூடியிட்ட கண்ணாடிச் சாடிகளை இன்று ஆங்காங்கே காணலாம். உள்ளே ஈரப் பாசி. பாசியின் நடுவே, கருஞ்சிவப்பு வெல்வெட்டில் செம்பு நூல் இழைத்தாற்போன்ற இலைகள். பூவுக்காக அன்றி இலைக்காகவே போற்றப்படும் இவ்வகைச் செடிகளை ஜுவல் ஆர்க்கிட் என்பர். நகை ஆர்க்கிட் என்று நாம் அழைக்கலாம். இவற்றுள் மிகுதியாக வளர்க்கப்படும் லுடிசியா, தென்சீனத்திலும் தென்கிழக்கு ஆசியாவிலும் மழைக்காட்டு நிழலில் தரையோடு படர்ந்து வாழ்வது. கத்திரி வெயிலில் தார்ச்சாலை இளகும் தாம்பரத்தில் அது எங்ஙனம் பிழைக்கிறது? விடை காண நாம் 1829ஆம் ஆண்டின் இலண்டனுக்குச் செல்ல வேண்டும்.

அந்நகரின் கிழக்குப் பகுதியில் மருத்துவம் செய்து வந்தவர் நத்தேனியல் பேக்‌ஷா வார்டு. பெரணிச் செடிகள்மீது தீராத பற்றுடையவர். ஆனால் ஆலைகளின் நிலக்கரிப் புகை அவர் வீட்டுத் தோட்டத்துப் பெரணிகளை ஒவ்வொன்றாய் மாய்த்து வந்தது. ஒருநாள் அந்துப்பூச்சி ஒன்றின் கூட்டுப்புழுவை ஈரமண் இட்ட கண்ணாடிப் புட்டியில் புதைத்து மூடிவைத்தார். பூச்சி வெளிவருவதைக் காண்பதே அவர் நோக்கம். பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகி எழுந்து, கண்ணாடியில் துளிகளாய்ப் படிந்து, மீண்டும் மண்ணுக்கே இறங்குவதை அவர் கண்டார். சில நாள்களில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. தோட்டத்தில் அவர் எத்தனையோ பாடுபட்டும் நிலைக்காத பெரணி, எவரும் நீர் ஊற்றாத புட்டிக்குள் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாழ்ந்தது. மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே புகுந்தபோதுதான் அது அழுகிற்று. பூச்சியை எண்ணித் தொடங்கியவருக்குக் கிடைத்ததோ பெரணி!

தம் கண்டுபிடிப்பின் பயனை வார்டு விரைவிலேயே உணர்ந்தார். அக்காலத்தில் செடிகளைக் கப்பலில் கொண்டுவருவது பெரும்பாடு. சீனத்திலிருந்து இங்கிலாந்துக்கு ஒரு செடி உயிருடன் வந்து சேர ஆயிரம் செடிகள் வழியில் மடிகின்றன என்று ஜான் லிவிங்ஸ்டன் என்ற மருத்துவர் 1819இல் எழுதினார். உப்புக்காற்றும் நன்னீர்ப் பஞ்சமுமே காரணங்கள். 1833இல் வார்டு இரண்டு கண்ணாடிப் பேழைகளில் செடிகளை இட்டுச் சிட்னிக்கு அனுப்பினார். அவை பசுமை மாறாமல் போய்ச் சேர்ந்தன. அதே பேழைகளில் ஆஸ்திரேலியச் செடிகள் கடல் கடந்து இலண்டனை அடைந்தன. நோவாவின் பேழை விலங்குகளைச் சுமந்தது. வார்டின் பேழையோ தோட்டங்களையே சுமந்தது என்று நாம் வியக்கலாம். ஆனால் அது சுமந்தவை எல்லாம் தோட்டத்துக்குரியன அல்ல. பேரரசின் வணிகத்துக்குரிய பயிர்களும் அதில் பயணம் செய்தன.

நம் நீலகிரியே அதற்குச் சான்று. முறைக்காய்ச்சலுக்கு மருந்தாகும் சிங்கோனா மரப்பட்டையை ஐரோப்பாவில் பரப்பியதில் சேசு சபையாருக்குப் பங்குண்டு; அதனாலேயே அது அவர்கள் பெயரால் ‘சேசு சபையார் பட்டை’ என வழங்கிற்று. அம்மரத்தை இந்தியாவில் வளர்க்கும் பொருட்டு, 1860இல் கிளமெண்ட்ஸ் மார்க்கம் பெரு நாட்டிலிருந்து 15 பேழைகளில் கன்றுகளை எடுத்துவந்தார். செங்கடலைக் கடக்கையில் வெப்பம் அவற்றைத் தாக்கிற்று. உதகமண்டலத்தை அடைந்தவையும் தேறவில்லை. மறு ஆண்டு ராபர்ட் கிராஸ் ஈக்குவடாரிலிருந்து கொண்டுவந்த கன்றுகளே உயிருடன் வந்து சேர்ந்தன. மூடிய கண்ணாடி ஈரத்தைக் காக்கும். வெயிலில் வைத்தாலோ வெப்பத்தையும் சேர்த்தே சிறைபிடிக்கும். மார்க்கம் செங்கடலில் கண்ட உண்மை, சாடியை மேல்மாடி முற்றத்தில் வைக்கும் தாம்பரத்துவாசிக்கும் பொருந்தும்.

இங்கிலாந்தின் செல்வர் இல்லங்களில் இப்பேழை விரைவில் அலங்காரப் பொருளாயிற்று. பெரணிகளோடு நகை ஆர்க்கிட்டுகளும் உள்ளே இடம் பெற்றன. இலங்கை மழைக்காடுகளில் வளரும் அனெக்டோகைலஸ் என்னும் இனத்தின் ஒரு செடியைச் சிங்களவர் வனராஜா, அதாவது காட்டு மன்னன், என்கின்றனர். இலையில் பொன்னிழை ஓடும் அச்செடி அங்கு இன்று சட்டத்தால் பாதுகாக்கப்படுகிறது. அதன் உறவுச் செடியொன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. சீனத்திலும் தைவானிலும் இவ்வினச் செடிகள் மருந்துக்காகவும் பறிக்கப்படுகின்றன. அரசனைப் பேழையில் வைத்தவர்கள், அவனது நாட்டைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் 1975இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1976இல் இந்தியாவும் அதில் இணைந்தது.

இவ்விடத்தில் நாம் நம் மண்ணையும் பார்க்க வேண்டும். 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது, சேலையூர்ப் புதர்க்காட்டிலேயே வளாகம் அமைத்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸ் அங்குத் தாவரங்களைப் பேணியவர். மலைநாட்டுச் செடியொன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அருகிலுள்ள நன்மங்கலம் காப்புக்காட்டிலும் தரை ஆர்க்கிட்டுகள் உண்டு. கோடையில் இத்தகைய செடிகள் நிலத்தடிக் கிழங்காய் உறங்கி, மழை கண்டபின் தலைநீட்டுகின்றன. நகை ஆர்க்கிட்டுக்கு அந்தக் கிழங்கு இல்லை. தரையில் ஊரும் சதைத்தண்டே அதன் சேமிப்பு. வறட்சியை அதனால் நெடுநாள் தாங்க இயலாது. அதனாலேயே அதற்கு இங்கே கண்ணாடி தேவைப்படுகிறது.

ஆகவே, சாடியை நேர்வெயில் எட்டாத வடக்குச் சாளரத்தின் அருகில் வைப்பதே நன்று. அடியில் சரளைக்கல்லும் கரித்தூளும், மேலே தேங்காய் நாரும் பாசியும் இட்டால் வேர் அழுகாது. கண்ணாடியில் நாள் முழுதும் நீர் வழிந்துகொண்டே இருந்தால், சிறிது நேரம் மூடியைத் திறந்துவைக்க வேண்டும். வார்டின் பேழைகளும் காற்றே புகாதவை அல்ல. புதுச் செடிக்காக எவரையும் காட்டுக்குள் அனுப்ப வேண்டியதில்லை. நீண்டுவிட்ட லுடிசியாத் தண்டை இரண்டு மூன்று கணுக்களோடு வெட்டி ஈரப் பாசியில் பதித்தால், சில வாரங்களில் வேர்விடும். அடுத்த வீட்டாருக்கும் ஒரு துண்டு கொடுக்கலாம்.