சிவப்பு மையும் ஊதா மையும்

இலங்கைப் பரீட்சைத் திணைக்களத்தின் க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் புள்ளியிடும் திட்டங்களைப் பார்த்தவர்கள், அவற்றின் முற்பகுதியில் ஒரு சிறு அறிவுறுத்தலைக் கண்டிருப்பார்கள். விடைத்தாளைத் திருத்துவோர் சிவப்பு நிறக் குமிழ்முனைப் பேனாவைப் பயன்படுத்த வேண்டும். ஊதா நிறத்தைப் பிரதம பரீட்சகரும் மேலதிகப் பிரதம பரீட்சகரும் மட்டுமே கையாளலாம். பிழையாக எழுதிய இலக்கத்தை ஒற்றைக் கோட்டினால் வெட்டி, அருகில் சுருக்கொப்பம் இட வேண்டும்.

மாணவர்கள் இந்த வரிகளைத் தாண்டி விடைகளுக்குப் போய்விடுவார்கள். எனக்கோ அந்த ஊதா நிறமே முக்கியமாகப் படுகின்றது. ஆசிரியரின் கோபத்தைக் காட்டுவதற்காகவே சிவப்பு மை வந்தது என்று பலரும் நினைக்கின்றனர். அப்படியாயின் ஊதாவுக்கு அங்கே என்ன வேலை? இங்கு நிறம் ஒரு சாட்சி. தாளில் இருப்பது எவருடைய கை, எவருடைய கைக்குப் பின் எவருடைய கை வந்தது என்பதை அது சொல்கிறது.

இந்த வழக்கம் மிகப் பழையது. நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில், ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்திய எழுத்துப் பலகை ஒன்று உள்ளது. எழுத்தர் தொழில் பயின்ற மாணவன் ஒருவன் கறுப்பு மையால் எழுதியிருக்கிறான். எழுத்துப் பிழைகள் நிறைய. அவற்றின் மேல் ஆசான் சிவப்பு மையால் திருத்தியிருக்கிறார். கரியிலிருந்து கறுப்பு, காவிக்கல்லிலிருந்து சிவப்பு. எகிப்திய எழுத்தரின் தட்டில் இந்த இரண்டு மைகளும் அருகருகே இருந்தன.

நம்முடைய ஏட்டுச்சுவடிகளுக்கு இந்த வசதி இருக்கவில்லை. எழுத்தாணியால் கீறி, பின்னர் கரி பூசும் முறையில் எல்லோருடைய எழுத்தும் ஒரே கறுப்பாகவே தெரியும். மூலத்தை எழுதியவர், படியெடுத்தவர், இடையில் ஒரு பாடலைச் செருகியவர் ஆகிய மூவரையும் நிறத்தைக் கொண்டு பிரித்தறிய வழியில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவரான சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, பிற்காலத்தில் கலித்தொகையைப் பதிப்பிக்க (1887) ஏடுகளோடு மல்லாடியபோது பட்ட பாட்டில் இதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

மையின் நிறத்தை நீதிக்கான கருவியாக வளர்த்தெடுத்தவர்கள் சீனர்கள். அரச பதவிக்கான அவர்களது பரீட்சையில், விடைத்தாளைப் படியெடுத்த பின்னரே பரீட்சகரிடம் கொடுக்கும் முறை சொங் அரசமரபின் காலத்தில், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. கையெழுத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காணக்கூடாது என்பதே நோக்கம். சிங் அரசமரபின் காலத்தில் இம்முறை முழுமை பெற்றது. பரீட்சார்த்தி கறுப்பு மையால் எழுதுவார். அவரது பெயர் மறைக்கப்படும். படியெடுப்போர் அந்த விடையைச் சிவப்பு மையால் அப்படியே பெயர்த்தெழுதுவர். ஒப்புநோக்குவோர் மஞ்சள் மையால் குறியிடுவர். துணைப் பரீட்சகருக்கு நீலம். தலைமைப் பரீட்சகருக்குக் கறுப்பு. ஆனால் அவர் கைக்கு வருவது சிவப்புப் பிரதி மட்டுமே. கறுப்பு மையில் எழுதிய மூலத்தை அவர் காணமாட்டார்.

இந்த ஒழுங்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தன் முன்னே உள்ள தாளின் நிறத்தில் எழுதக்கூடிய மை எவரிடமும் இல்லை. படியெடுப்பவர் கறுப்பு மூலத்தில் கைவைத்தால் சிவப்பு காட்டிக்கொடுக்கும். தலைமைப் பரீட்சகர் சிவப்புப் பிரதியில் ஓர் எழுத்தை மாற்றினால் கறுப்பு காட்டிக்கொடுக்கும். தேர்வு முடிந்ததும் மூலத்தையும் பிரதியையும் சேர்த்து ஒப்பிடுவார்கள்.

இத்தனை காவலும் போதவில்லை என்பதும் வரலாறே. 1858இல் பெய்ஜிங் பகுதியின் மாநிலப் பரீட்சையில் முறைகேடு நடந்ததாகப் புகார் எழுந்து, தாள்கள் மீள ஆராயப்பட்டன. தலைமைப் பரீட்சகராக இருந்த பாய் ஜுன், பேரரசின் மிக உயர்ந்த அமைச்சர்களுள் ஒருவர். 1859இல் அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. புள்ளிகளில் செய்த மோசடிக்காக அமைச்சர் ஒருவரின் தலை போன நாடு வேறு உண்டோ, நான் அறியேன். இந்தப் பரீட்சை முறை 1905இல் ஒழிக்கப்பட்டது.

அதற்கு முன்னரே போட்டிப் பரீட்சை என்ற எண்ணம் மேற்கே போய்விட்டது. இந்திய சிவில் சேவைக்குத் திறந்த போட்டிப் பரீட்சை 1855இல் தொடங்கியது. சீன முன்மாதிரி அன்றைய பிரித்தானிய விவாதங்களில் பேசப்பட்ட ஒன்றே. இலங்கைக்கு 1880இல் கேம்பிரிட்ஜ் பரீட்சை வந்தது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் எழுதிய விடைத்தாள்கள் கப்பலேறி இங்கிலாந்து சென்றன. திருத்தியவருக்கு எழுதியவரின் ஊரும் தெரியாது, உறவும் தெரியாது. கடல் செய்த காவல் அது.

அக்காலத்து மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாசிக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துச் செய்த மை தாளில் முதலில் வெளிறித் தெரிந்து, காற்றுப் பட்டதும் கறுத்து, அழியாமல் நிற்கும். எழுதும்போதே கண்ணுக்குத் தெரியட்டும் என்று அதில் நீலச் சாயம் கலந்தார்கள். நாம் 'நீலக்கறுப்பு' என்று அழைத்த மையின் கதை இதுதான். சிவப்பு மையின் கதை வேறு. சப்பங்கி மரத்தின் சாறும் அதன் இனத்தைச் சேர்ந்த மரங்களின் சாறும் நெடுங்காலம் பயன்பட்டன. 1870களில் ஜெர்மனியில் கீல்தார்ச் சாயமான இயோசின் வந்ததும், அதுவே ஊற்றுப்பேனாச் சிவப்பு மைகள் பலவற்றுக்கு அடிப்படையாயிற்று. பார்வைக்கு அழகு, வெயில் பட்டால் வெளிறிவிடும். ஆகவே பழைய அப்பியாசக் கொப்பிகளில் மாணவன் எழுதியது அழியாமலும், ஆசிரியர் திருத்தியது மங்கியும் இருப்பதைக் காணலாம். ஊதாவும் கீல்தாரின் பிள்ளைதான். கொய்னா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்ற 18 வயது வில்லியம் பேர்க்கின், 1856இல் தற்செயலாகக் கண்டெடுத்த சாயம் அது.

எங்கள் பாடசாலை நாட்களில் ஆசிரியர்களின் மேசையில் குயிங்க் மைப்போத்தல்கள் இரண்டு இருக்கும். சிவப்பை நாங்கள் தொடக்கூடாது. பின்னர் பத்திரிகை அலுவலகத்திலும் இதே ஒழுங்கைக் கண்டேன். ஒப்புநோக்குநருக்கு ஒரு நிறம், உதவி ஆசிரியருக்கு இன்னொன்று, பிரதம ஆசிரியருக்கு மற்றொன்று. மறுநாள் பிழை வெளிவந்தால், அச்சுப்படியை எடுத்துப் பார்த்ததும் அது எவர் தலையில் விழும் என்பது தெரிந்துவிடும்.

ஆனால் எந்த மையாலும் மறைக்க முடியாத ஒன்று உண்டு. இலங்கையில் பரீட்சைகள் தாய்மொழிக்கு மாறியபோது, சுட்டெண் பெயரை மறைத்தது. மொழியோ இனத்தைச் சொல்லிவிட்டது. தமிழில் எழுதிய விடையைத் தமிழ் அறிந்தவரே திருத்த முடியும். தமிழ்ப் பரீட்சகர்கள் தமிழ் மாணவர்களுக்குப் புள்ளிகளை அள்ளி வழங்கினார்கள் என்ற குற்றச்சாட்டு 1970இல் எழுந்தது. தொடர்ந்து வந்த பல்கலைக்கழக அனுமதியில், மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 400க்கு 250 புள்ளிகளும், சிங்களமொழி மூல மாணவருக்கு 229 புள்ளிகளும் தகுதி எல்லையாக வைக்கப்பட்டன. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. அதன்பின் நடந்தவற்றை இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. அவை வாசகர்கள் பலரின் சொந்த வரலாறு.

ஓர் ஆசிரியரின் சிவப்புப் பேனா மீது ஐயம் எழுந்தால், அதே தாளை இன்னொருவர் வேறு நிறத்தில் மீளத் திருத்திப் பார்ப்பதே பரீட்சை முறை அறிந்த வழி. சீனத்துத் துணைப் பரீட்சகரின் நீலத்துக்கு மேல் தலைமைப் பரீட்சகரின் கறுப்பு வந்தது அதற்காகவே. இங்கோ தாளில் எழுதிய புள்ளி அப்படியே இருந்தது. அதன் பெறுமதி தாளுக்கு வெளியே மாற்றப்பட்டது. தான் பெற்ற 240 ஏன் போதவில்லை என்று கேட்ட மாணவனுக்குக் காட்டுவதற்கு, எந்த நிறத்திலும் ஒரு திருத்தம் இருக்கவில்லை.

மேலைநாடுகளில் இன்று விவாதம் வேறு திசையில் போகிறது. சிவப்புப் பேனாவைக் கையில் பிடித்தவர்கள் கூடுதலான பிழைகளைக் கண்டார்கள் என்று 2010இல் வெளியான உளவியல் ஆய்வொன்று கூறியது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், மாணவர் மனம் புண்படாதிருக்கச் சிவப்பைத் தவிர்க்கலாம் என்ற யோசனை 2008இல் வந்து பெரும் வாதத்தைக் கிளப்பியது. இங்கிலாந்தில் பல நிறப் பேனாக்களால் திருத்தும் மோகம் ஆசிரியர்களை வாட்டுகிறது என்று 2016இல் ஓர் அறிக்கை கண்டித்தது. வகுப்பறைக் கொப்பியைப் பொறுத்தவரை எந்த நிறமானாலும் எனக்கு ஆட்சேபமில்லை. பிள்ளைக்கு வாசிக்கத் தெரிந்தாற் போதும்.

பொதுப் பரீட்சை அப்படியன்று. அங்கே மாணவன் நீலத்தில் எழுதியிருக்க, உதவிப் பரீட்சகர் சிவப்பில் 14 என்று இட்டிருக்க, பிரதம பரீட்சகர் அதனை ஒற்றைக் கோட்டால் வெட்டி ஊதாவில் 16 என்று எழுதிச் சுருக்கொப்பம் இடுகிறார். வெட்டப்பட்ட 14 கோட்டின் கீழே வாசிக்கக்கூடியதாகவே இருக்கிறது.