‘குடும்பத் தலைவர்’ பிறந்த கதை

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைப் பக்கம் ஒரு வீட்டைக் காட்டி, “இது யார்ட ஊடு?” என்று கேட்டால் பெரும்பாலும் ஓர் ஆணின் பெயரைச் சொல்வார்கள். “யார்ட பேர்ல?” என்று கேட்டுப் பாருங்கள், பெண்ணின் பெயர் வரும். எங்கள் மூத்தம்மாவின் வீட்டு உறுதி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது. நான்காக மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்துகள் உதிர்ந்திருந்தன. மூத்தாப்பா அந்த வளவில்தான் ஐம்பது வருசம் வாழ்ந்து மௌத்தானார். உறுதியில் அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அவர் அந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, அவ்வளவுதான்.

பழைய ஏற்பாடு அது. மூத்த மகளுக்குக் கல்யாணம் என்றால் இருக்கிற வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிட்டு, உம்மாவும் வாப்பாவும் மற்றப் பிள்ளைகளோடு பக்கத்து வளவில் இன்னொரு வீடு கட்டிப் போவார்கள். அது அடுத்தவளுக்கு. குடி என்ற வம்சப் பிரிவும் உம்மா வழியில்தான் வரும். ‘வயிற்றுவார்’ என்பது அதற்கான சொல். பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்காயர் இருப்பார். மரைக்காயர் ஆண்தான், ஆனால் அவரை அந்தக் குடிக்காரர் ஆக்கியது அவருடைய உம்மா. முக்குவர், திமிலர் என்ற இரு சாதியாருக்குள் நடந்த சண்டையில் துணைக்கு வந்த பட்டாணியருக்கு முக்குவர் பெண் கொடுத்தார்கள், குடிமுறை அந்த வழியில் வந்தது என்று ஒரு கதை உண்டு. கதைக்கு உறுதி கிடையாது. ஆனால் மட்டக்களப்புத் தமிழரிடமும் சோனகரிடமும் ஒரே மாதிரிக் குடிகள் இருப்பதைப் பார்த்தால் அதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியவில்லை.

வீடு பெண் பெயரில் இருப்பதால் ஆட்சியும் பெண்ணிடம் என்று யாரும் மயங்க வேண்டாம். அந்த வீட்டைக் கட்டி முடிக்க வாப்பாவின் முதுகு ஒடிந்தது, காக்காமாரின் வாலிபம் போனது. பிந்திய காலத்தில், தன் சீதன வீட்டுக்குத் தானே செங்கல் வாங்கவென்று சவூதிக்குப் பணிப்பெண்ணாய்ப் போன குமர்கள் எத்தனை பேர்! மகர் கொடுக்க வேண்டிய ஆண் வீடு கேட்பது ஹராம் என்று மிம்பரில் சொல்வதும் சரிதான். ஆனால் ஒன்று: தலாக் என்று வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போவது அவன்தான். அவள் அடுப்பு இருந்த இடத்திலேயே எரியும்.

இந்த வீட்டுக்குள் ‘குடும்பத் தலைவர்’ என்ற ஆள் மார்க்கத்தின் வழியாகவும் வரவில்லை, ஊர் வழக்கத்தின் வழியாகவும் வரவில்லை. காகிதத்தின் வழியாக வந்தார். தாய்வழிச் சொத்துரிமை சொன்ன முக்குவர் சட்டத்தை 1876-இல் பிரிட்டோ என்பவர் புத்தகமாக்கினார். அதே ஆண்டில்தான் ஆங்கிலேயரின் வாரிசுரிமைச் சட்டம் வந்து அந்த வழமையை ஓரங்கட்டியது. பெரிய வரவு 1935-இல், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அரச காணிக்கு அனுமதிப்பத்திரம், அதில் ஒரு பெயர். காணிக்காரர் வாரிசு சொல்லாமல் இறந்துபோனால் பிள்ளைகளில் யாருக்கு என்று அட்டவணையில் வரிசை போட்டிருந்தது: முதலில் ஆண்மக்கள், பிறகு பெண்மக்கள். 1949-இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் இந்தக் கட்டளைச் சட்டம் எங்கள் மேற்குப் பக்கத்துக் காடு மேடெல்லாம் இறங்கியது. கடலோரத்தில் காணி உம்மாவிடமிருந்து மகளுக்குப் போனது. சில மைல் உள்ளே போனால் வாப்பாவிடமிருந்து மகனுக்கு. 1961-இல் அம்பாறை தனி மாவட்டமானபோது இரண்டும் அதற்குள் அடங்கின.

ஆனாலும் கடலோரத்து வீடுகளை அந்தக் காகிதம் தொடவில்லை. அவை அரச காணி இல்லையே.

2004 டிசம்பர் 26 காலை, சுனாமியோடு தொட்டது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000-க்கு மேல் மௌத்து, தீவிலேயே அதிகம். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை கரையோரத்தில் வீட்டோடு அலுமாரியும் போனது, அலுமாரியோடு உறுதியும் போனது. மூத்தம்மாவின் பிஸ்கட் டின்னும் போனது. கரையோரத்தில் திரும்பக் கட்டத் தடை. மாற்று வீடு அரச காணியில் என்றார்கள். அதற்கு ஒரு படிவம். படிவத்தில் முதற்கூடு: குடும்பத் தலைவர் பெயர்.

எங்கள் சாச்சி அந்த மேசைக்கு முன்னால் நின்றார். வீடு போனது அவருடையது, சீதனமாக வந்தது. “குடும்பத் தலைவர் யாரு?” என்று கேட்டதும் ஒரு நிமிசம்கூட யோசிக்காமல் பேனையைச் சாச்சாவிடம் நீட்டினார். யாரும் பறிக்கவில்லை, மிரட்டவில்லை. தலைவர் என்றால் ஆம்பிளைதானே என்ற நினைப்பு மட்டுந்தான். இப்படித்தான் பலருக்கும் நடந்தது. இருவர் பெயரையும் போடுங்கள் என்று பெண்கள் அமைப்புகள் கேட்டபோது, காணிச் சட்டத்தில் கூட்டு உரிமைக்கு இடமில்லை என்று பதில் வந்தது. அமெரிக்கக் குடிசன மதிப்பீடு ‘தலைவர்’ என்ற சொல்லை 1980-இலேயே தூக்கி எறிந்துவிட்டது. நம் நாட்டிலோ குடும்பங்களில் நான்கில் ஒன்றைப் பெண்ணே நடத்துகிறாள், ஆனாலும் தனியாக நிற்கிறவளை மட்டுமே படிவத்துக்குத் தலைவியாகத் தெரியும். புருசன் இருந்தால் அவர்தான். அட்டவணையில் ஆண்மக்கள் முன்னால் நின்ற வரிசையைத் திருத்த 2022 ஆக வேண்டியிருந்தது.

சாச்சியின் மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். வழமைபோல் வீட்டை மகள் பெயருக்கு எழுதப் போனால், அரச காணி, அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது, விண்ணப்பம் கொடுங்கள் என்றார்கள். சாச்சா கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாய் நடந்தார். ஒருநாள் பகல் வெயிலில் திரும்பி வந்து கோப்பைத் திண்ணையில் போட்டுவிட்டுக் கேட்டார்:

“நான் எண்டைக்கு இந்த ஊட்டுக்குத் தலைவரா இருந்த?”

சாச்சி உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.